பத்து மெகாஹெர்ட்ஸ் விசில்

அஸ்தம்பட்டி,
திங்கள் காலை.

அன்புள்ள மோகன்குமாருக்கு,

பெனடிக்ட் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நேற்று நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் "லைன் செரியில்லைங்க" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் நீங்களே கட்டிய அந்த ரேடியோ செட். ஞாயிறு காலை நம் அமெச்சூர் ரேடியோ குழுவில் நீங்கள்தான் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுகிறீர்கள். இப்போது உங்கள் செட் குழுவின் அலைவரிசையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. எல்லோரும் உங்களுக்காகத் தள்ளி வருகிறார்கள். நாளைக்குக் காவிரியில் வெள்ளம் வந்து, புதிதாக ஒருவர் கூப்பிட்டால், உங்கள் குரல் அவருக்கு வாத்துச் சத்தமாகத்தான் கேட்கும். வரும் ஞாயிறுக்குள் சரிசெய்யாவிட்டால் நவீன்குமார் பெயர் கூப்பிடட்டும் என்று குழுவில் முடிவெடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் நீங்கள் பார்த்த வேலை. நான் மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் மோகனூரில் உங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பத்து மெகாஹெர்ட்ஸில் நேரம் அறிவிக்கும் நிலையத்தைப் பிடித்தோம். அதன் அலைவரிசை பிசகாது. நம் செட் பிசகியிருந்தால் அங்கே ஒரு விசில் கேட்கும். செட்டுக்குள் இருக்கும் திருகைத் திருப்பத் திருப்ப அது தடித்து, தாழ்ந்து, அடங்க வேண்டும். அடங்கும் இடம்தான் சரி. நீங்கள் எதிர்ப்பக்கம் திருப்பினீர்கள். விசில் தாழவில்லை, கூர்மையாகி மேலே ஏறியது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "அடங்கிப் போச்சுங்க" என்றீர்கள். இன்னும் கேட்கிறதே என்றேன். "உங்க காதுல வண்டு பூந்திருக்குமுங்க" என்று சிரித்தீர்கள். பக்கத்தில் உங்கள் மகள் நித்யஸ்ரீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். நீங்கள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோபத்தில் காப்பி குடிக்காமல் கிளம்பிவிட்டேன். பதினெட்டு வருடமாகத் தீவன மில் இரைச்சலில் நிற்கிறீர்கள். காதுக்கு ஏதாவது வையுங்கள் என்றால், "கோழிக்குத் தீவனம் அரைக்கிறதுக்கு இதெல்லாம் எதுக்குங்க" என்பீர்கள். இப்போது மைக் சரியில்லை, லைன் சரியில்லை, என் காது சரியில்லை. எத்தனை பேர்மேல்தான் பழி போடுவீர்கள்?

செட் ஐந்து நிமிட வேலை. சனிக்கிழமை நித்யஸ்ரீ கேட்டுச் சொல்லச் சொல்ல நீங்கள் திருகைத் திருப்புங்கள், போதும்.

அதற்கு முன், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு இங்கே காது டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன், என் பெயரில். பெனடிக்டுக்குத் துணைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போங்கள். கேட்காவிட்டால் பரவாயில்லை, நான் தோளைத் தொடுகிறேன்.

கோபம் தீராத நண்பன்,
பெனடிக்ட்