எத்தனை நாளாக என்ற கட்டம்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம், அதில் என் பங்கு மட்டும் வெள்ளிக்கிழமைதான் உறுதியாகும். நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? எப்போது கூப்பிட்டாலும் அம்மாவே எடுக்கிறாளே, அப்பா எங்கே என்று இரண்டு முறை கேட்டாயாம். பக்கத்தில்தான் இருந்தேன். நாக்கில் இரண்டு தையல், ஒரு வாரம் பேசக் கூடாது என்று பல் டாக்டர் உத்தரவு. டாக்டர் உன் அம்மாவே என்பதால் மீறவும் வழியில்லை. பேசாமல் இருந்தால் வீடே தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருக்கிறது. குழாய் சொட்டுவதும் திரைச்சீலை அசைவதும்கூடக் கேட்கிறது. இத்தனை வருஷமும் இதெல்லாம் இங்கேதான் இருந்ததா என்று யோசித்தபடி கிடக்கிறேன்.

கிளினிக்கில் என் வேலை உனக்குத் தெரியும். முன் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்வது. ஊரையெல்லாம் கேட்டவன் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாக்கின் இடது ஓரத்தில் ஒரு திட்டு. காரம் பட்டால் எரியும், கண்ணாடியில் பார்ப்பேன், தானாகப் போய்விடும் என்று விளக்கை அணைத்துவிடுவேன். அப்பா ஏன் காரத்தை விட்டுவிட்டார் என்று கேட்டாயே, வயிறு சரியில்லை என்றேன். அது பொய், கண்ணு. ஓட்டைவாய் என்று உன்னிடம் பெயர் வாங்கியவன் இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். போன வாரம் அம்மா எதிரில் கொட்டாவி விட்டு மாட்டிக்கொண்டேன். எத்தனை நாளாச்சு என்றாள். ரெண்டு வாரம் இருக்கும் என்றேன்.

பயாப்சி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றாள், ஆனால் வேற டாக்டர்கிட்ட போங்க, உங்க வாயில கத்தி வைக்க எனக்குக் கை வராது என்றாள். நான் அவள் நாற்காலியிலேயே ஏறிப் படுத்துக்கொண்டேன். ஊசி போட்டதும் நாக்கு வேறு யாருடையதோ ஆகிவிட்டது. மேலே வட்ட விளக்கு, அதன் கீழே அவள் மூக்குக்கண்ணாடி, அதற்குள் குட்டியாக நான். மிதந்துகொண்டிருந்தேன். நல்ல சதையும் திட்டும் சேருற ஓரத்துல எடுக்கிறேன், ஒரு பருப்பு அளவுதான், ஆச்சு, ஆச்சு என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்னப் பிள்ளையில் உன்னைத் தூங்கவைத்த அதே குரல். வராது என்ற கை வந்துவிட்டது. அந்தத் துண்டு மருந்து பாட்டிலில் மெல்லச் சுற்றிச் சுற்றி இறங்கி அடியில் உட்கார்ந்தது.

லேபுக்குப் போகும் தாளை எழுதுவது எப்போதும் நான். பழக்கதோஷத்தில் அவள் பாட்டிலையும் தாளையும் என்னிடமே நீட்டிவிட்டாள், நானும் எழுந்து உட்கார்ந்து எழுதினேன். பெயர், வயது, இடம். எத்தனை நாளாக என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பெண்டாட்டியிடம் பொய் சொல்லிவிடலாம், அந்தத் தாளில் முடியாது. லேபில் இருப்பவர்கள் அதை நம்பித்தான் பார்ப்பார்கள், இருபது வருஷத்தில் ஒரு கட்டத்தையும் நான் மாற்றி நிரப்பியதில்லை. ஐந்து மாதம் என்று எழுதினேன். அவள் வாங்கிப் படித்தாள். கையுறையைக் கழற்றினாள், ஐந்து மாதம் என்ற இடத்தில் விரல் வைத்து மறுபடி படித்தாள்.

அன்றிலிருந்து கறிகாய், வாடகை, துவைத்த துணி என்று எல்லாம் பேசுகிறாள், அந்த ஐந்து மாதத்தை மட்டும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை முடிவு வரும், லேபிலிருந்து வரும் கவரைப் பிரிப்பதும் என் வேலைதான், இந்தத் தடவ நான் பிரிக்கிறேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு எழுதினால் அதுவும் மறைத்த கணக்கில் சேரும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். உடனே கிளம்பி வர வேண்டாம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன், நானாகச் சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். கண்ணாடி முன் நின்று நாக்கின் இரண்டு ஓரத்தையும் பார். மாப்பிள்ளை கூச்சப்பட்டால் மாமனார் உத்தரவு என்று சொல். எப்படிப்பா இருக்கீங்க என்று நீ கேட்டபோதெல்லாம் எனக்கென்ன குறை என்றே சொல்லிவந்தேன். அந்தத் தாளில் எழுதியதையே உனக்கும் எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நாக்கின் இடது ஓரம், ஐந்து மாதம்.