குடும்பச் சீட்டு

3 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிடுகிறேன். அதனால்தான் கடிதம். கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே.

இந்த ஊரில் ரயிலுக்கு டிக்கெட் வாங்கவே தனியாகப் படிக்கணும் போலிருக்கு. ஒரு நடைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. கூட்ட நேரத்துக்கு வேறு விலை. எனக்குத் தலை சுத்திப் போச்சு. இவர்தான் குடும்பச் சீட்டு என்று ஒரு அட்டை வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சுற்றிவிட்டு வருகிறோம். ஜன்னலோர இடத்தை எனக்கே விட்டுத்தருகிறார்.

ஒன்றுதான் உறுத்துது. நான் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கத் தெரிந்தவள் என்று ஊரின் மறுகோடியில் ஒரு கடையில் கூப்பிடுகிறார்கள். இவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிக் காட்டினார். "சம்பளத்துல பாதி ரயிலுக்கே போயிடும்மா. நீ வீட்டுல நிம்மதியா இரு." கணக்கு சரியாகத்தான் இருந்தது. பகல் முழுக்க ஜன்னலில் நின்று எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கிறேன்.

உன் வாலு

19 ஜனவரி

அன்பு வாலுக்குட்டிக்கு,

உன்னைக் கிண்டல் பண்ண முடியாது, என் எழுத்துதான் கோணலாக இருக்கும். குளியலறையில் வழுக்கிவிட்டேன், மணிக்கட்டில் கட்டு. சரியாகிவிடும்.

ஜன்னலோரம் விட்டுத்தருகிற மனுஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? சொல்கிறபடி கேட்டுக்கொண்டு இரு. வேலை எங்கே ஓடிப்போகுது? பாப்பாவுக்கு முன்பல் விழுந்து சிரிப்பே மாறிவிட்டது.

இனிமேல் கடிதத்தை மாடிவீட்டு டீச்சர் பேருக்குப் போடு. உன் கடிதத்தை உன் அத்தான் பிரித்து, சத்தமாகப் படித்துக் காட்டினார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும்.

அக்கா

6 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

புதன்கிழமை சும்மா கடைத்தெரு வரைக்கும் போகலாம் என்று குடும்பச் சீட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. அட்டையை மறுபடி வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். டிக்கெட் கொடுக்கிற அம்மா கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"இதுல உங்க வீட்டுக்காரர் முதல்ல நுழையணும்மா. அவர் இல்லாம நீங்க மட்டும் போக முடியாது."

"எனக்குத் தனியா வேணும்னா?"

"எங்க போகணும்?"

கடை இருக்கிற இடத்தைச் சொல்லி, பாதிச் சம்பளம் போய்விடுமாமே என்றேன். அவள் சிரிக்கவில்லை அக்கா. "அது கூட்ட நேரத்துல தினமும் தனித்தனியா எடுக்கறவங்களுக்கு. வேலைக்குப் போறவங்க யாரு அப்படி எடுக்கறாங்க? மாசச் சீட்டு வாங்குங்க, கால்வாசிகூட ஆகாது."

வீட்டுக்கு வந்து துவைக்கப் போட்ட இவர் சட்டையை எடுத்தேன். பையில் இவருடைய ஜனவரி மாதச் சீட்டு இருந்தது. இவருக்குத் தெரியாமல் இல்லை. சாயங்காலம் கேட்டேன். முகம் மாறவே இல்லை. "உனக்கு எதுக்கு அலைச்சல்னுதான்" என்றார். அப்புறம் எனக்குத் தட்டு எடுத்து வைத்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

ஒன்று கேட்கட்டுமா? போன மழையில் படிக்கட்டு, அதற்கு முன்னால் அலமாரிக் கதவு, இப்போது குளியலறை. நிஜமாகவே வழுக்கித்தான் விழுந்தாயா?

வாலு

2 மார்ச்

அன்பு வாலுக்கு,

தேவையில்லாததை எல்லாம் எழுதாதே. கட்டுப் பிரித்தாயிற்று. நீ அவசரப்பட்டு எதுவும் செய்துவைக்காதே, உனக்குச் சின்ன வயசிலிருந்தே பொறுமை கிடையாது.

சும்மா கேட்கிறேன். வெளியூர் பஸ் வந்து நிற்கிற இடத்திலிருந்து நீ இருக்கிற பக்கத்துக்கு எப்படி வரவேண்டும்? பாப்பா அளவு பிள்ளைகளுக்கும் டிக்கெட் உண்டா? டீச்சர் யாருக்கோ வேண்டுமாம்.

அக்கா

14 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

டீச்சர் கேட்டதாகவே இருக்கட்டும்.

நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். கடைக்கு மேலே ஒரு அறை, கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் இருக்கின்றன. இவர் இரண்டு தடவை வந்தார். கீழேயே நின்று, சத்தம் போடாமல் பேசிவிட்டுப் போனார். பயமாகத்தான் இருந்தது. திரும்பிப் போகவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே சுரங்கப் படிக்கட்டு. கூட்டத்தைப் பார்த்து மிரளாதே. மெஷினில் போராடாமல் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் கேள். பாப்பாவுக்கு டிக்கெட் வேண்டாம், உன் இடுப்போடு ஒட்டி நடத்திக் கூட்டிவந்தால் ஒரே கதவில் இரண்டு பேரும் வரலாம். நடுவில் வண்டி மாறணும், ஆனால் வெளியே வராதே. வந்தால் புதுசாக வாங்கச் சொல்வார்கள். கடைசி நிலையத்தில் இறங்கு. இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை. காலையிலிருந்து கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

வாலு

4 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு நீ வரவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் பாப்பா உயரத்தில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி நின்றேன். அங்கே வேலை பார்க்கிற பையன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

எனக்குக் கோபம் இல்லை. டீச்சரிடம் போனில் பேசினேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்தாய் என்றும், பாப்பா காலில் செருப்பு இல்லாததைப் பார்த்துத் திரும்பிவிட்டாய் என்றும் சொன்னாங்க. அன்றிலிருந்து உன் வீட்டுக் கதவு வெளியே பூட்டியே இருக்குதாம். இந்தக் கடிதத்தை ஜன்னல் வழியாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறாங்க. பூட்டைத் திறக்க யாரைக் கூட்டிவரணும் என்றும் அவங்களுக்குத் தெரியும். நீ "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ் செலவும் அவங்க கையில் இருக்கு.

இதோடு ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தேதியே இருக்காது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதே. இது அந்த வகை. என்றைக்கு நிலையக் கதவில் நுழைக்கிறாயோ, அந்த நாள்தான் இதற்குத் தேதி.

உன் வாலு