ஐந்தாவது ஆள்

சென்னைப் பட்டணம்
3-9-1927

அன்புள்ள அத்தாயிக்கு,

உன் புருஷன் செங்கோடன் சொல்ல, கூட்டாளி மாதேஸ்வரன் எழுதுவது. நான் சுகம். மலைமேல் நம்ம குண்டூர் நாட்டில் மழை உண்டா? மகள் பொன்னம்மாள் சுகமா? பிறர் கைச்சோறு தின்னாத நம்ம வழக்கப்படி என் சோற்றை நானே பொங்கிக்கொள்கிறேன், கவலைப்படாதே.

நான் கரி அள்ளிப் போடுகிற கப்பல் பொத்தல். அடித்தகடு துருவேறிப் போச்சு. பம்பை நிறுத்தினால் முழங்கால் வரை தண்ணீர். ரங்கூன் வரமாட்டோம் என்று ஐந்து பேர் இறங்கிவிட்டோம். ஓடிப்போனதாக எங்கள் மேல் கேஸ், பத்து நாளில் கோர்ட்டு. ஐந்து பேர் சேர்ந்து கப்பல் ஆகாது என்றால் கோர்ட்டு துரை ஆளனுப்பிச் சோதித்தே ஆகவேண்டுமாம், சட்டம் அப்படி. ஒருத்தன் குறைந்தாலும் கேட்கமாட்டார்கள். சோதனை முடியும்வரை ஜெயில்தான்.

செங்கோடன்

காளப்பநாயக்கன்பட்டி
8-9-1927

மாமாவுக்கு அத்தாயி கும்பிட்டுக்கொள்வது. மலையிறங்கி வந்து நான் சொல்ல, கடைக்கார ராசப்பன் அப்படியே எழுதுறாருங்க.

நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்! ஜெயில்ல கண்டவங்க கைச்சோறு தின்னுட்டு வந்தா, நாட்டுல நம்ம ஊட்டோட யாருங்க சோறு தண்ணி புழங்குவாங்க? பொன்னம்மாளுக்கு ஆலத்தூர் நாட்டுல பரிசம் போட்டாச்சு. அது முறிஞ்சா புள்ளைய எவன் கட்டுவான்? தண்ணி வந்தா எறைச்சு ஊத்துங்க. ஜெயில் சோறு மட்டும் வேண்டாம் மாமா.

அத்தாயி

சென்னைப் பட்டணம்
13-9-1927

அத்தாயிக்கு,

கோர்ட்டுக்குப் போகிற காலையில் உன் கடிதாசு வந்தது. மற்ற நாலு பேரும் கப்பல் ஆகாது என்றார்கள். துரை என்னைக் கேட்டார். "கப்பல் நல்லாத்தானுங்க இருக்குது, ஏறிக்கறேனுங்க" என்றேன். நாலு பேர் சொல்லுக்குச் சோதனை கிடையாதாம். அவர்களுக்கு ஜெயில். மாதேஸ்வரனும் அதில் ஒருவன், போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை வேறு ஆள் எழுதுகிறார்.

நாளைக்குப் புறப்பாடு. சோறு பொங்கப் புதுச்சட்டி வாங்கிவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அத்தாயி.

செங்கோடன்

காளப்பநாயக்கன்பட்டி
19-9-1927

மாமா,

கடிதாசைப் படிக்கக் கேட்டதும் மலையேறுனேனுங்க. ஓடிப்போய் ஊர்க்கவுண்டர் கால்ல விழுந்தேன். "பொத்தக் கப்பல்ல ஏறமாட்டேன்னவன் என்ன திருடனா? ஜெயில் சோறு தின்னாலும் வரட்டும். தீர்த்தம் தெளிச்சுச் சேத்துக்கறோம்"னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாருங்க. சம்பந்தி ஊட்லயும் சரின்னுட்டாங்க. முன்னாலயே அவரைக் கேக்காம உங்களுக்கு எழுதிப்புட்டேனே, பாவி!

ரங்கூன்ல எறங்குனதும் நாலு பேரைச் சேத்துக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போங்க. கப்பல் பொத்தல்னு சத்தமாச் சொல்லுங்க. ஜெயில்ல எதைக் குடுத்தாலும் தின்னுங்க சாமி. தின்னுட்டு ஊடு வந்து சேருங்க.

அத்தாயி

[உறையின் மேல், தபாலாபீஸ் சிவப்பு மையில்]
கப்பல் ரங்கூன் வந்து சேரவில்லை. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.