பானட்டின் மேல் வைத்த இசைத்தட்டு

இன்று காலை பாலக்கோட்டிலிருந்து வந்த பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தது. டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜினை மூடியிருக்கும் பானட்டின் மேல், ஒரு பெண் சாமந்திக் கூடையை வைத்தாள். "அங்க வெக்காதம்மா, தருமபுரி போறதுக்குள்ள வெந்துடும்," என்றார் டிரைவர். "அப்ப உங்க தலைமேலயா வெக்கறது?" என்று கேட்டுவிட்டு அவள் கூடையை மடிக்கு மாற்றிக்கொண்டாள். சூடு பட்ட பூவும் டீசலும் கலந்த வாசனை மட்டும் அங்கேயே நின்றது.

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. உனக்கும் அது தெரியும். ஆனாலும் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சென்னையில் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த நாம் இருவரும் மறுபடி தருமபுரியில் ஒன்றாக வந்து சேர்ந்தது தற்செயல்தான். நீ மருத்துவமனைக்கு, நான் பெண்கள் பள்ளிக்கு. கப்பலில் வேலை செய்த உன் தம்பி, போகிற துறைமுகங்களில் புதிதாக வந்திருக்கும் ஜாஸ் இசைத்தட்டுகளை வாங்கி உனக்குச் சேர்ப்பித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் குவார்ட்டர்ஸுக்கு நான் வந்த பிறகுதான் புதுத் தட்டின் கண்ணாடித்தாளை அறுவைக் கத்தியால் கீறுவாய். அட்டையின் பின்பக்கத்தை நான் உரக்கப் படிப்பேன். யார் டிரம்பெட், யார் டிரம்ஸ், எந்த ஊரில் பதிவு செய்தது, எல்லாம் என் வாயால்தான் உனக்குத் தெரியவேண்டும். "நீ படிச்சாத்தான்டி எனக்குப் பாட்டு உள்ள போகுது," என்றாய் ஒருமுறை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ ஞாயிறுகளை ஓட்டியிருக்கிறேன்.

எழுபதுகளில் தம்பியின் ரசனை மாறியது. ஃபங்க், சோல் என்று தாளம் தூக்கலான புதுத் தட்டுகள் வரத் தொடங்கின. அந்தச் சமயம் பார்த்து உன் பெட்டி ரெக்கார்ட் பிளேயரின் ரப்பர் சக்கரம் தேய்ந்துபோனது. ஊரில் அதற்கு உதிரி கிடையாது. கடைத்தெருவில் தையல் மிஷின் ரிப்பேர் செய்யும் ஹமீது பாயைக் கூட்டி வந்தாய். பாபினில் நூல் சுற்றுகிற பாகத்திலிருந்து ஒரு ரப்பர் வளையத்தைக் கழற்றி மாட்டி, அவர் அதை ஓட வைத்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நீ ஒரு தட்டைப் போட்டாய். பாய் தரையில் உட்கார்ந்தபடி கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் வலது கால், மிஷின் மிதிக்கிற மாதிரி, தானாக அசைந்தது.

"மொத அடியில ஊனி மிதிக்கிறாங்க டாக்டரம்மா. நாலாவதுல ஒரு தையல் விட்டுப் புடிக்கிறாங்க. கேளுங்க."

நீ கேட்டாய். உன் முகம் மலர்ந்தது. நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

எனக்குத் தாளம் பிடிபடாது. எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று. நான் எண்ணி முடிப்பதற்குள் பாட்டு வேறெங்கோ போயிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாத மனிதருக்கு அது காலில் இருந்தது. அதன் பிறகு ஞாயிறுதோறும் அவர் வந்தார். நீ தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் காலைப் பார்த்தாய். அவர் என்னை மரியாதையாக "டீச்சரம்மா" என்று கூப்பிட்டு, நாற்காலியை எனக்கு நகர்த்திவிட்டுத் தரையிலேயே உட்காருவார். வெறுக்கக் காரணம் எதுவும் கொடுக்காத மனிதரை வெறுப்பது அதிக உழைப்பு கேட்கிற வேலை. நான் சலிக்காமல் செய்தேன்.

ஒரு ஞாயிறு நான் பத்து நிமிடம் தாமதம். கண்ணாடித்தாள் ஏற்கெனவே கீறப்பட்டு மேஜையில் கிடந்தது.

"பாய்க்குக் கடை தொறக்கணுமாம்டி, அதான் போட்டுட்டேன். இப்ப என்ன, மறுபடி கேட்டாப் போச்சு."

"அதனால என்ன," என்றேன்.

அடுத்த மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் பெங்களூர் போனேன். அங்கே உன் அத்தை வீட்டில் தம்பி ஒரு தட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான், வாங்கி வா என்றாய். "மடியிலயே வெச்சுக்கடி. எங்கயும் கீழ வெச்சிடாத," என்று இரண்டு தடவை சொன்னாய். ஆரஞ்சு நிற அட்டை, அதில் ஒன்பது பேர் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் ஒசூர் தாண்டியதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார், நம் ஊர்க்காரர். "பாட்டுத் தட்டுங்களா டீச்சர், நம்ம டாக்டரம்மாவுக்கா? எதுக்கு மடியில வெச்சுக்கிட்டு அவஸ்தப்படறீங்க, இப்பிடி வெய்ங்க." வைத்தேன். அது வரைக்கும் அசட்டுத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியில் வண்டி நின்றபோது பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். பிள்ளைகளுக்கு வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காவேரிப்பட்டணம் வந்தது. போனது.

ஞாயிறு வந்தேன். பாய் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்துவிட்டுப் போன தட்டு பிரிக்காமல் இருந்தது.

"நீ வந்துதான் பிரிக்கணும்னு பாய்கிட்டச் சொல்லிட்டேன். அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேனே," என்று சிரித்துக் கத்தியை என் கையில் கொடுத்தாய்.

கீறினேன். தட்டு அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தது. பிளேயரில் வைத்ததும் ஊசி மேடு ஏறிக் குதித்தது. பாய் சட்டைப்பையைத் துழாவி ஓர் இரும்பு பாபினை எடுத்து ஊசிக்கையின் தலையில் வைத்தார். ஊசி தங்கியது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பாட்டு தள்ளாடிச் சரிந்து மறுபடி எழுந்தது.

"மடியிலதானடி வெச்சிருந்த?"

"ஆமாம்."

"அப்ப வெயிலுதான்," என்றாய். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

நீ போன பிறகு உன் தம்பி வந்து வீட்டைக் காலி செய்தான். படுக்கையில் இருந்தபோதே நீ சொல்லிவைத்திருந்தாயாம். பிளேயரும் தட்டுகளும் பாய்க்கு. வளைந்த அந்த ஒன்று மட்டும் எனக்கு. அவன் அதை என்னிடம் சங்கடத்தோடு நீட்டினான். பிளேயர் இல்லாத என் வீட்டில், பீரோவின் மேல், மூன்று மாதமாக அது கிடந்தது.

இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு, நேராகப் பாயின் கடைக்குப் போனேன். மிஷின்களுக்கு நடுவே உன் பிளேயர் ஒரு துண்டால் மூடப்பட்டிருந்தது. அவர் தட்டைப் பார்த்ததுமே ஒரு பாபினைத் தேடி எடுத்தார்.

"இத நானேதான் கெடுத்தேன் பாய். பானட்டு மேல வெச்சுட்டேன், தெரிஞ்சே," என்றேன்.

அவர் ஊசியை இறக்கினார். "தெரியும்ங்க. அந்த பஸ் டிரைவரு டாக்டரம்மாகிட்ட ஊசி போட்டுக்க வந்திருக்காரு. 'டீச்சர் கொண்டாந்த தட்டு நல்லாப் பாடுதுங்களா, பானட்டு மேல பத்திரமா வெச்சுக் கொண்டாந்தோம்'னு கேட்டிருக்காரு. அம்மா என்கிட்டச் சொல்லிட்டுச் சிரிச்சாங்க. 'டீச்சர்கிட்டக் கேட்டுடாதீங்க பாய், அவ தாங்க மாட்டா'ன்னாங்க."

இத்தனை வருடம் நான் சுமந்ததை நீங்கள் இருவரும் பேசிச் சிரித்திருக்கிறீர்கள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். பழைய பொறாமை, ஒரு மடிப்புக்கூடக் கலையாமல். என்னை மன்னித்ததைக்கூட நீ அவரிடம்தான் முதலில் பிரித்துக் காட்டியிருக்கிறாய்.

"இது போடாத ஞாயித்துக்கிழமையே கெடையாதுங்க, நீங்க கெளம்பிப் போனப்புறம்," என்றார் பாய். அவர் கால் மிதிக்கத் தொடங்கியது, முதல் அடியில் ஊன்றி, நாலாவதில் விட்டுப் பிடித்து. நான் வழக்கம்போல எண்ணினேன். வழக்கம்போலத் தவறினேன். பிறகு எண்ணுவதை விட்டேன். தட்டு சுற்றி வந்தது. பாட்டு சரிகிற அந்த இடத்தில் என் செருப்பு சிமெண்டுத் தரையில் ஒருமுறை தட்டியது. அடுத்த சுற்றிலும் அங்கேயே தட்டியது. பாய் என் காலைப் பார்த்தார்.

தட்டை அவரிடம் விடாமல் எடுத்து வந்துவிட்டேன். வழியெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பாட்டில் எனக்குத் தப்பாமல் விழுகிற அடி அது ஒன்றுதான். அது நான் வளைத்த இடம். அதைப் பாய்க்குக் கொடுக்க மாட்டேன்.