கோமதியின் பாவாடை

12-11-1979, திங்கள்

பூனைக்குட்டியைக் கொண்டுவந்ததில் என் வீட்டுக்காரர்மேல் குற்றமில்லை. மகள் கோமதி காய்ச்சலில் போனதிலிருந்து நான் யாரோடும் பேசுவதில்லை என்றுதான் வந்தவாசியிலிருந்து பையில் போட்டு எடுத்துவந்தார். "நம்ம கெழவிக்கும் தொணையா இருக்கும்" என்றார்.

கெழவி என்றது வெள்ளச்சியை. கோமதி வளர்த்த பூனை. தறிக்குப் பக்கத்தில் அவளுடைய பழைய பாவாடைமேல்தான் படுக்கும். குட்டியைக் கண்டதும் சீறியது.

"அது படுக்கிற துணியிலயே குட்டிய உட்டு பொரட்டி எடு. வாசனை ஒண்ணாயிட்டா சேத்துக்கும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா. செய்தேன். குட்டி பாவாடையிலேயே மூத்திரம் பெய்துவிட்டது.

பட்டு நெய்கிற வீடு. நூலில் நாற்றம் ஏறினால் சேலையை யாரும் தொடமாட்டார்கள். யோசிக்கும் முன்பே கை சவுக்காரத்தை எடுத்துவிட்டது. அடித்துத் துவைத்து, உலர்த்தி, அதே இடத்தில் விரித்தேன்.

சாயங்காலம் வெள்ளச்சி வந்தது. பாவாடையைச் சுற்றிச் சுற்றி மோந்தது. படுக்காமல் வெளியே போய்விட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

"எங்கனா ஒதுங்கிகினு இருக்கும், நீ படு" என்கிறார் அவர். குட்டி அவர் காலடியில் தூங்குகிறது. அக்காவை நொந்து என்ன பயன்?

வெள்ளச்சி எதைத் தேடியது என்று எனக்குத் தெரியும். அந்த மூலையைப் பெருக்கும்போதெல்லாம் நானும் குனிந்து பாவாடையை மோந்துகொள்வேன். பூனை வாடைக்கு அடியில் அவள் இருந்தாள்.

இப்போது எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். சவுக்கார வாசனைதான் வருகிறது.