உட்கார்ந்த இடத்துக்குச் சூப் வந்த ரயில்

அக்கா,

நேற்று கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டப வாசலிலேயே காகிதக் கப்பில் தக்காளி சூப் ஊற்றி, ஒரு ரொட்டிக் குச்சியைச் செருகிக் கொடுத்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெண் வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பில் என்ன குறை என்று சமையல்காரர் கேட்டார். ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்த ஒருத்தர் இதைக் குடிக்க டில்லி வரைக்கும் போனார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்புதான் முதலில் வருகிறது.

உங்கள் மெஸ்ஸுக்கும் என் வளையல் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். நான் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகத் துணி விரித்து வளையல் விற்று வந்தவள். நீங்கள் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு ஆரம்பித்தவர். ஆகையால் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. சரக்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும். சும்மா ஒரு ஊருக்குப் போனதே கிடையாது.

அதைக் கெடுத்தது ஒரு மும்பைக் குடும்பம். பௌர்ணமிக்கு வந்தவர்கள் உங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் ஓரளவு தமிழ் பேசினாள். டில்லியிலிருந்து மும்பைக்கு ஒரு ரயில் போகிறது, அதில் டீ, சூப், சாப்பாடு, ஐஸ்கிரீம் எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மத்தியானமே நீங்கள் கரண்டியோடு என் கடைக்குள் வந்து நின்றீர்கள்.

"முப்பது வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன்டி. ஒரே ஒரு தடவை நான் உக்காரணும், ஒருத்தன் எனக்குப் பரிமாறணும்."

"அதுக்கு டில்லிக்கா போவாங்க? எதிர் ஓட்டலுக்குப் போங்களேன்" என்றேன்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும். அக்கா, சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு கேப்பான். அப்புறம் நான் எழுந்து அவன் அடுப்படியப் பாக்கப் போயிடுவேன். ஓடுற ரயில்ல எங்கடி எழுந்து போறது?"

அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. திட்டம் போட உட்கார்ந்தோம். சென்னையிலிருந்து டில்லி, அங்கே இரண்டு நாள், பிறகு அந்த ரயிலில் மும்பை, அங்கே ஒரு நாள், திரும்பச் சென்னை. எல்லாம் இரண்டு பௌர்ணமிக்கு நடுவில் அடங்க வேண்டும். பௌர்ணமிக்குக் கடையை மூடுகிற வியாபாரி இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, நான் ரயில் நேரங்களை எழுத, நீங்கள் ராகுகாலத்தை எழுதினீர்கள்.

உங்கள் மகன் மட்டும் முணுமுணுத்தார். "ரெண்டு பொம்பளைங்க, இந்தி ஒரு வார்த்தை தெரியாது, எப்படிம்மா?"

"நம்ம ஊருக்கு வர்ற வெள்ளைக்காரங்க எல்லாம் தமிழ் படிச்சுட்டா வர்றாங்க?" என்று கேட்டீர்கள். அத்தோடு முடிந்தது.

முன்பதிவு திறப்பது காலை எட்டு மணிக்கு. உங்கள் மெஸ்ஸில் இட்லிக்கு அடிதடி நடக்கும் நேரமும் அதுதான். நான் அடுப்புக்குப் பக்கத்தில் செல்போனும் கையுமாக நின்று, "அக்கா, வயசு எவ்ளோ போடட்டும்?" என்று கத்தினேன். "கம்மி பண்ணிப் போடு!" என்று நீங்கள் திருப்பிக் கத்தினீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆதாரில் இருப்பதைத்தான் போட்டேன். இரண்டுமே கீழ்ப் படுக்கை கிடைத்தது.

வினை அதற்குப் பிறகுதான். கிளம்பும் நாள் புதன்கிழமை என்று அமைந்தது.

"புதன் வடக்க சூலம்டி. எப்படிப் போறது?"

"ரயிலுக்குச் சூலமெல்லாம் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியுதே!"

பரஸ்தானம் வைப்பதென்று முடிவு செய்தீர்கள். நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை முன்கூட்டியே வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். திங்கட்கிழமை காலையில் அடுத்த தெருக் கற்பூரக் கடைக்காரம்மா வீட்டில் பையை வைத்துவிட்டு வந்தீர்கள். பையில் என்ன வைத்தீர்கள் என்று கேட்காதது என் தப்பு.

புதன்கிழமை காலை போய்ப் பார்த்தால் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டார்களாம். போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

"புடவைதானே, டில்லியில வாங்கிக்கலாம் வாங்க" என்றேன்.

உங்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஆதாரும் அதுலதான்டி இருக்கு."

"ஆதாரை எதுக்குக்கா அதுல வெச்சீங்க?"

"வெறும் புடவைய வெச்சா புடவைதானே கெளம்பும்? என் மொகம் போட்ட கார்டை வெச்சாத்தானே நான் கெளம்பினதா ஆகும்!"

அந்தத் தெருவில் நின்று உங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. சகுனம் சரியில்லை, போக வேண்டாம் என்று பூட்டிய படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் விடாமல் போன் அடித்தேன். ஒன்பதாவது தடவை கற்பூரக் கடைக்காரம்மா எடுத்தார். பின்னால் நாதஸ்வரம்.

"பையா? பூட்டின வீட்டுல பரஸ்தானம் இருக்கக் கூடாதேன்னு நானே இங்க எடுத்தாந்துட்டேன். உங்க பஸ் இந்த வழியாத்தானே வருது!"

சொல்லாமல் எடுத்துப் போனதற்கு அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா? கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றதும், பட்டுப் புடவையும் கை நிறைய வளையலுமாக ஓடிவந்து ஜன்னல் வழியாகப் பையைத் திணித்தார். கூடவே ஒரு பொட்டலம் புளிசாதம். நீங்கள் பையைத் திறந்து ஆதாரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்: "பாத்தியா? நமக்கு முன்னாடியே கெளம்பி வந்து இங்க நிக்குது. இதுக்குத்தான் பரஸ்தானம்கிறது!" அதற்குமேல் யார் வாதாடுவது?

டில்லியில் கோட்டை பார்த்தோம். கடைத்தெருவில் கண்ணாடி வளையல் மொத்த விலை கேட்டதற்காக என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். மறுநாள் சாயங்காலம் அந்த ரயில். ஏறியதிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதலில் டீ வந்தது, சமோசா வந்தது. பிறகு சூப்பும் ரொட்டிக் குச்சியும். "ரசத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். சாப்பாடு வந்தபோது பருப்பில் பெருங்காயம் இல்லை என்று கண்டுபிடித்தீர்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும். திரும்பிப் பார்த்தால் நீங்கள் நின்றுகொண்டு, எதிரில் இருந்தவர்களின் காலித் தட்டுகளையும் சேர்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பரிமாறுகிற மனிதர் பதறிப்போய் இந்தியில் ஏதோ சொல்கிறார்.

"உக்காருங்கக்கா! இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

"கை தானாப் போவுதுடி" என்றீர்கள். அதைச் சொன்னபோது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஐஸ்கிரீமைத் தலை குனிந்தபடி சாப்பிட்டீர்கள். இவ்வளவு தூரம் வந்தும் இவர் உட்காரவில்லையே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

விடிந்தது. காலை டிபன் வந்தது. சாப்பிட்டு முடித்து, இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். அந்த மனிதர் வந்து உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனார். நீங்கள் அசையவில்லை. அவர் போனதும் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "எடுத்துட்டுப் போயிட்டான்டி" என்றீர்கள். தீபத்தன்று ஜோதி தெரிந்ததும் ஜனங்களின் முகத்தில் பார்ப்பேனே, அந்தச் சந்தோஷம்.

அதிலிருந்து மத்தியானம் அரை மணி நேரம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். வாசலில் யார் நின்றாலும் சரி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் வியாபாரம்.

இன்று காலை உங்கள் மெஸ்ஸுக்குப் போனேன். இப்போது உங்கள் மருமகள் நடத்துகிறாள். சட்னி வாளியோடு நின்றுகொண்டே ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அந்த ரயில் கதையைச் சொன்னேன். சிரித்தாள், பிறகு, "எனக்கெல்லாம் ஏது நேரம் அத்தை?" என்றாள்.

"எட்டு நாள் மூடு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"எட்டு நாளா? ஜாஸ்தி அத்தை. மூணு நாள்."

"மூணு நாள்ல சென்னையைத் தாண்ட முடியாது. ஏழு."

உங்களிடம் பயின்றவள், லேசில் இறங்கவில்லை. கடைசியில் படிந்தது இதுதான்: வருஷத்துக்கு ஆறு நாள் மெஸ் மூடியிருக்கும்; பௌர்ணமியும் தீபமும் அதில் வராது; ஊர் அவள் சொல்வது, முன்பதிவு என் பொறுப்பு, டிக்கெட் செலவு ஆளுக்குப் பாதி.