ஆடியில் கை நனைத்த வீடு

என் பிரியத்துக்குரிய அப்பா,

நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு வருஷம் திரும்புகிறது. நம்மூர் கௌதள்ளியில் இந்தத் தடவை மழை பரவாயில்லை, ராகி தேறிவிட்டது. செவலைக் காளை மட்டும் யார் சொல்லுக்கும் அடங்க மாட்டேன் என்கிறது, நீங்கள் வளர்த்ததுதானே. நான் மைசூரில் வாத்தியாராகச் சௌக்கியமாக இருக்கிறேன். இதைச் சொல்வதற்காக மட்டும் எழுத உட்காரவில்லை. லூர்து அக்காவைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

நாம் இரண்டு பேரும் முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தது நினைவிருக்கிறதா? கோயமுத்தூர் ஜில்லாவைத் தாண்டி, மகாராஜாவின் சீமைக்கு, என்னைக் காலேஜில் சேர்க்க வந்தோம். இடம் கொடுத்தார்கள். ஆனால் எட்டு நாளைக்குள் ஊருக்குள் தங்கும் விலாசத்தை எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பையனுக்குப் போய்விடும் என்று குமாஸ்தா சொன்னார். எட்டு நாள் எதற்கு, எட்டு நாழிகை போதும் என்றீர்கள்.

அது ஆனி மாதக் கடைசி. நமக்கு ஆனியில் ஒரு குற்றமும் இல்லை. மைசூர்க்காரர்களுக்கோ அமாவாசைக் கணக்கில் அதற்குள் ஆஷாடம் பிறந்துவிட்டிருந்தது. அந்த மாதம் புது ஆளைக் குடிவைக்க மாட்டார்கள். வாசல் வாசலாக ஏறி இறங்கினோம். “ஆஷாட முகீலி, ஆமேலெ பன்னி” என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆஷாடம் முடியட்டும், அப்புறம் வாருங்கள் என்று. “என்றா ஊரு இது, ஆனியிலயே ஆடியக் கொண்டாடறானுக!” என்று பொரிந்து தள்ளினீர்கள். சத்திரத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். நாம் இரண்டு சத்திரம் மாறிவிட்டோம்.

ஏழாம் நாள் மண்டி மொஹல்லாச் சந்தில் லூர்து அக்கா கிடைத்தார். ஆஸ்பத்திரி நர்ஸ், புருஷனை இழந்தவர், கிறிஸ்து வேதக்காரர். தெருப் பக்கத்து அறை காலியாக இருந்தது. “எங்களுக்கு ஆஷாடமும் இல்லீங்க, ஆடியும் இல்லீங்க. இன்னிக்கே மூட்டையக் கொண்டாங்க” என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நீங்களோ விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு ஆடி ஒண்ணு தாயி. ஆடியில நாங்க குடி போகமாட்டமுங்க” என்றீர்கள். அப்பா, அந்த நிமிஷம் உங்கள் மேல் வந்த கோபம் எனக்கு ஜென்மத்துக்கும் போதும். ஊரே நம்மைப் போகச் சொல்கிறது; வரச்சொன்ன ஒரே வீட்டை நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “குடி போக வேண்டாங்க. ஆவணி வரைக்கும் தம்பி எங்க வீட்டு விருந்தாளியா இருக்கட்டும். ஆனா விருந்தாளி தனி அடுப்பு மூட்டறதில்ல, இல்லீங்களா? நான் ஆக்கறதைத்தான் சாப்பிடணும்.”

அங்கேதான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். அறை எடுத்தாலும் தனிச் சட்டி, தனி அடுப்பு என்றுதான் நீங்கள் நினைத்திருந்தீர்கள். வேற்றுச் சாதி வீட்டில் நீங்கள் கை நனைத்ததே இல்லை. ஒரு வீட்டில் கை நனைத்தால் அந்த வீட்டோடு உறவு என்றல்லவா நம் பக்கத்தில் பேச்சு? ஆடியை விடுவதா, சாதியை விடுவதா, என் படிப்பை விடுவதா? சந்து முனை வரை போய் வெகுநேரம் நின்றீர்கள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லப்போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டு, “எலையைப் போடு தாயி. பையனுக்கு முன்னால நான் உக்கார்றேன்” என்றீர்கள். களியும் கொள்ளுச் சாறும். பாதி சாப்பிட்டதும், “சாத்துக்கு உப்பு பத்தலை” என்றீர்கள். பிறத்தியார் வீட்டில் நீங்கள் உப்பைப் பற்றிப் பேசுவீர்களா? அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

பஸ் ஏறும்போது, “ஊருல இதைச் சொல்லிப்போடாதே சாமி” என்றீர்கள். நான் சொல்லவில்லை. ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சித் தனி அடுப்பு வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அதை மட்டும் நான் செய்யவில்லை. படிப்பு முடிகிற வரைக்கும் அக்கா கையால்தான் சாப்பிட்டேன்.

உங்கள் கருமாதிக்கு அக்கா வந்திருந்தார், அப்பா. இரண்டு பஸ்ஸும் ஒரு மாட்டு வண்டியும் மாறி வந்தார். யார் இது என்று சித்தப்பா கேட்டார். “மைசூர்ல நான் இருந்த வீட்டுக்காரம்மா” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவரைப் பந்தியில் உட்காரவைக்கவில்லை, மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக இலை போட்டார்கள். அக்கா சாப்பிட்டுவிட்டு, “பர்த்தினி தம்பி, போயிட்டு வரேன், டூட்டி இருக்குது” என்று கிளம்பிவிட்டார்.

நான் வாயே திறக்கவில்லை. உங்கள் சொல்லைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. உங்கள் சொல் எனக்கு வசதியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, அப்பா.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போய் உங்கள் வருஷத் திதிக்கு அழைத்தேன். “நான் எதுக்குத் தம்பி, சும்னே உங்களுக்குத் தொந்தரெ” என்றார். நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நான் செய்யப்போவது உங்களுக்குச் சம்மதமாக இருக்குமா?

நீங்கள் சொன்ன ஒரு சொல்லை மீறப்போகிறேன். பந்தியில் முதல் இலை அக்காவுக்கு, அடுத்தது எனக்கு. இலையில் சோறு விழுவதற்கு முன்னால், நீங்கள் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்வேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும், சித்தப்பாவே போனாலும் சரி. நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினாலும், சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம். இது சத்தியம்.

உங்கள் மகனும் லூர்து அக்காவின் தம்பியுமான
பழனிச்சாமி